வீட்டோடு வரும் விருந்தாளிகள்

ரிடையர் ஆனதும் நம்ம ஊரில் என்ன செய்வார்கள்? காசிக்கு ஒரு டிரிப். திரும்பி வந்து பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடும் உத்தியோகம். அமெரிக்காவில் முப்பது வருஷம் கம்ப்யூட்டர் தட்டி ஓய்வு பெற்ற என் அத்தானோ, மினி பஸ் சைஸுக்கு ஒரு வண்டி வாங்கிவிட்டார். ஆர்.வி. என்கிறார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உண்டு. அக்கா தன் பங்குக்கு குக்கரையும் குத்துவிளக்கையும் ஏற்றிவிட்டாள்.

மகன் சியாட்டிலில், மகள் கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடுவதுதான் இவர்கள் பிழைப்பு. பதினைந்து நாள் லீவில் போன நானும் தொற்றிக்கொண்டேன்.

மகன் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். வண்டி வாசலில் நிற்கும். ராத்திரி பத்தடித்தால் இருவரும் 'குட்நைட்' சொல்லிவிட்டுத் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பத்தடி தூரம்தான்! நாலாம் நாள் கிளம்பும்போது மருமகள், "இன்னும் ரெண்டு நாள் இருங்களேன் அத்தை" என்றாள். முகத்தை உற்றுப் பார்த்தேன். நிஜமாகத்தான் சொன்னாள்.

அஸ்டோரியாவிலிருந்து தெற்கே 101-ம் நம்பர் நெடுஞ்சாலை, கடலை ஒட்டியே ஓடுகிறது. ஆரிகன் மாநிலத்தின் கடற்கரை 363 மைல். மணலில் யாரும் வேலி போட்டு 'என் இடம்' என்று சொல்ல முடியாது. 1967-ல் டாம் மெக்கால் கவர்னராக இருந்தபோது சட்டமே போட்டுவிட்டார்கள். கேனன் பீச்சில் 235 அடி உயரப் பாறை ஒன்று தண்ணீருக்குள் நிற்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம். குளிக்கத்தான் முடியாது. ஜூலையிலும் தண்ணீர் ஐஸ்!

இந்தக் கரையில் ஃப்ளாரன்ஸ் என்றொரு ஊர். 1970-ல் செத்து ஒதுங்கிய திமிங்கிலத்தை அப்புறப்படுத்த, நெடுஞ்சாலைத் துறையினர் அரை டன் டைனமைட் வைத்தார்கள். கொழுப்பு மழையாகப் பொழிந்து, தூரத்தில் நின்ற ஒரு காரையே நசுக்கிவிட்டது. அரசாங்க ஆபீஸ் என்றால் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஆர்.வி.யில் ரொமான்ஸ் மட்டும் இல்லை சார். கழிவுத் தொட்டியை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை காலி செய்தாக வேண்டும். ரப்பர் கிளவுஸ் மாட்டிக்கொண்டு அத்தான் குழாயைச் சொருகுகிறார். முதலில் கக்கூஸ் தொட்டி, பிறகு குளித்த தண்ணீர். அப்போதுதான் குழாய் கழுவப்படுமாம். அக்கா அந்த நேரம் பார்த்து வாக்கிங் போய்விடுவாள்.

நியூபோர்ட்டில் லைசென்ஸ் எடுத்து, கூண்டுக்குள் கோழிக்கால் கட்டி நண்டு பிடித்தோம். ஆண் நண்டாக இருக்க வேண்டும். ஓடு ஐந்தே முக்கால் அங்குலம் அகலம் வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்து, ஆறில் நாலைத் திரும்பக் கடலில் விட்டார் அத்தான். மிச்சம் இரண்டும் மிளகு ரசமாயின. பக்கத்து வண்டி வெள்ளைக்காரத் தாத்தா வாசனை பிடித்து, கையில் கிண்ணத்தோடு வந்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம்தான் அது நடந்தது. 'கடலுக்கு முதுகைக் காட்டாதே' என்று அங்கே போர்டே இருக்கிறது. அலைகள் சாதுவாக வந்துகொண்டிருக்கும்போதே, சொல்லாமல் கொள்ளாமல் ஒன்று மட்டும் பெரிதாக ஏறி வரும். வந்தது. அத்தானுக்கு இடுப்பளவு தண்ணீர், கால் வழுக்கியது. நானும் அக்காவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். "ஒண்ணுமில்ல மாப்ளே, செருப்புதான் போச்சு" என்று சிரித்தார். கை மட்டும் ரொம்ப நேரம் நடுங்கியது.

அவர் தூங்கியதும் அக்கா மெல்லச் சொன்னாள்: "கண்ணு முன்ன மாதிரி இல்லடா அவருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுவார். அப்புறம் இந்த வீட்டை யார் வாசல்ல நிரந்தரமா நிறுத்தறது?"

"பசங்க வேண்டாம்னா சொல்லப் போறாங்க?"

"சொல்ல மாட்டாங்க. அதான் பயமா இருக்கு."

சான் ஹோசேயில் மகளுக்கு அப்பார்ட்மென்ட். வண்டி நிறுத்த இடமில்லை. ஊருக்கு வெளியே ஆர்.வி. பார்க்கில் இறங்கினோம். ராத்திரி எட்டு மணிக்கு மகளே தலையணையும் குழந்தையுமாக வந்து நின்றாள். டிரைவர் சீட்டுக்கு மேலிருந்த குட்டிக் கட்டிலைப் பிடித்துக்கொண்ட பேத்தி, மூன்று நாள் இறங்கவே இல்லை. வீட்டில் தனியாக இருந்த அவள் அப்பா மூன்று நாளும் நூடுல்ஸாம்.