அப்பா உட்கார்ந்து ஓட்டும் வண்டி

பங்களாக்களில் புல் வெட்டித்தான் அப்பா என்னைப் படிக்க வைக்கிறார். முழங்கால் வலி, தள்ளும் மெஷின் இனி முடியாது. காந்தலில் எங்கள் வீட்டுப் பின்புறம், உட்கார்ந்து ஓட்டும் பழைய புல்வெட்டி ஒன்று என்ஜின் செத்துக் கிடந்தது. அதை மின்சாரத்துக்கு மாற்றினால் என்ன?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. பெட்ரோல் என்ஜினுக்கு அந்த அளவு மூச்சு வாங்கும், மோட்டாருக்குக் கவலையில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் 1969-லேயே 36 வோல்ட் 'எலெக்-டிராக்' வண்டியைக் கொண்டுவந்தது. நானும் மூன்று 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தேன்.

ஃபியூஸ் போடவில்லை. கம்பி உரசிப் பொறி பறந்தது! அப்பா திட்டவில்லை, ஃபியூஸ் வாங்கக் காசு கொடுத்தார்.

உறைபனிக் காலையில் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது. அதனால் வெயில் ஏறியபிறகே கிளம்புகிறோம். அப்பா உட்கார்ந்து வேலை செய்வதை இப்போதுதான் பார்க்கிறேன், நண்பர்களே.