பொடி வைத்து ஊதாத நகை

கோவை ராஜ வீதியை ஒட்டிய சந்துகளில் தங்க நகை இரண்டு விதமாகப் பிறக்கிறது. ஒன்று கைவேலை. பத்தர் தங்கத்தை உருக்கிக் கம்பியாக இழுப்பார், தகடாக அடிப்பார், வெட்டிய துண்டுகளைச் சேர்த்து வெங்காரம் தடவுவார், பற்றாசுப் பொடி வைத்து ஊதுகுழலால் ஊதிப் பற்றவைப்பார். ‘பொடி வைத்துப் பேசுவது’ என்ற வழக்கே இந்தப் பட்டறைப் பொடியிலிருந்து வந்தது என்பார்கள். மற்றொன்று, பட்டறைக்காரர்கள் ‘கேஸ்டிங்’ என்று சொல்லும் கணினி வழி வார்ப்பு. நான் பார்த்த கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் குமுட்டி அடுப்பு, மாடியில் குளிரூட்டிய அறையில் நான்கு கணினிகள்.

வார்ப்பு நகை திரையில் தொடங்குகிறது. வடிவமைப்பவர் மோதிரத்தின் உட்புறத்தை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குடைந்தால், திரையின் ஓரத்தில் எடை உடனே குறைகிறது. கோப்பு முப்பரிமாண அச்சுப்பொறிக்குப் போகிறது. அது மெழுகையோ பிசினையோ மெல்லிய படலங்களாக அடுக்கி, நகையின் அச்சு அசலான உருவத்தை எழுப்புகிறது. அரை கிராம் மெழுகுப் பதக்கம் 22 காரட் தங்கத்தில் சுமார் 9 கிராம் வரும், ஒரு சவரனுக்குச் சற்று மேல். இப்படிப்பட்ட உருவங்களை ஒரு தண்டில் கிளை கிளையாக ஒட்டினால் மெழுகு மரம். அதை உருளைக்குள் நிறுத்தி, ஜிப்சம் கலந்த மாவைக் கரைத்து ஊற்றி இறுக விடுகிறார்கள். உருளை இரவு முழுக்க மின்உலையில் இருக்கும். 700 டிகிரியைத் தாண்டும் சூட்டில் மெழுகு எரிந்து போக, அதன் இடம் வெற்றாகிறது. காலையில் அந்த வெற்றிடத்தில் தங்கம் இறங்குகிறது. உருளையைத் தண்ணீரில் போட்டதும் ஆவி சீறுகிறது, மாவுக்கட்டி உடைந்து கரைகிறது, கறுத்த ஒரு பொன்மரம் கையில் வருகிறது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் வார்த்தவைதான். மெழுகைப் பிடித்த கை மட்டுமே மாறியிருக்கிறது.

அந்த மாற்றம் சிறிதல்ல. முன்பு பட்டறையில் சேரும் பையன் கம்பி இழுத்து, தகடு தட்டி, ஊதிப் பழகித்தான் பத்தரானான். கணினி எடுத்துக்கொண்டது அந்த ஆரம்பப் படிகளைத்தான். மிஞ்சியவை காம்பு வெட்டுவது, அரம் போடுவது, கல் பதிப்பது, மெருகேற்றுவது. இவற்றைச் செய்பவர் ஒரு முழு நகையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்ய வேண்டியதில்லை. ஆகவே கற்பதும் இல்லை. மாடியில் இருக்கும் இளைஞர்களுக்கோ தீயின் பழக்கம் கிடையாது. மெழுகு உருவத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த மூத்த பத்தர், “தம்பி, இந்தச் சந்துக்குள்ள அரம் எப்படிப் போகும்?” என்று கேட்டார். “செரிங்ணா, மாத்தித் தர்றேன்” என்று பதில் வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள் ஓய்ந்த பிறகு யார் கேட்பார்கள் என்பதற்குப் பட்டறையில் ஏற்பாடு எதுவும் தென்படவில்லை.

கூலிக் கணக்கும் மாறியது. கைவேலையில் பத்தருக்குச் செய்கூலியோடு சேதாரமும் உண்டு. அரத்தூள், உலைச்சாம்பல், தரைக்கூட்டல் எல்லாவற்றிலும் பொன் இருக்கும். பட்டறை வாசல் மண்ணை வாங்கி அலசியும் சாக்கடைச் சேற்றை அரித்தும் பிழைத்தவர்கள் இந்தத் தெருக்களில் உண்டு. வார்ப்புக்கூடத்தில் தூளை உறிஞ்சும் இயந்திரம் மேசைக்கடியிலேயே இருக்கிறது. தூள் முதலாளிக்கு, கூலி துண்டுக் கணக்குக்கோ மாதத்துக்கோ. எடையும் இழப்பும் முன்கூட்டியே தெரிந்துவிட்ட பின்னும், கடை ரசீதில் சேதாரம் பழையபடி சதவீதமாகவே நிற்கிறது. கணினி மிச்சப்படுத்திய பொன் பத்தரிடமும் போகவில்லை, நகை வாங்குபவரிடமும் முழுதாகப் போகவில்லை.

சுற்றுச்சூழல் கணக்கு இவ்வளவு நேராக இல்லை. கைவேலைப் பட்டறையில் கரிப்புகை உண்டு, திராவக நெடி உண்டு. எல்லாவற்றிலும் கொடியது காட்மியம். ‘கேடிஎம்’ நகை என்று விளம்பரமானது காட்மியம் கலந்த பற்றாசில் ஒட்டியதுதான். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், தங்கமோ 1,064 டிகிரியில்தான் உருகும். ஊதுகுழலோடு குனிந்திருப்பவரின் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் அந்தப் புகை கேடு. வார்ப்பில் ஒட்டு குறைவு, ஆகவே இந்த ஆபத்தும் குறைவு.

ஆனால் வார்ப்பு மாவில் சிலிக்கா இருக்கிறது. மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போதும், காய்ந்த கட்டியை உடைக்கும்போதும் எழும் வெண்தூசி ஆண்டுக்கணக்கில் நெஞ்சில் சேர்ந்தால் சிலிக்கோசிஸ் வரும். புகையாவது கண்ணைக் கரிக்கும், இருமவைக்கும். இந்தத் தூசி எச்சரிப்பதில்லை. மாவு கலக்குபவரின் முகத்தில் கைக்குட்டைதான் கட்டியிருந்தது. நுண்தூசியை அது தடுக்காது. உடைத்த மாவு சாக்குகளில் கட்டி வாசலில் கிடந்தது. பிசின் உருவங்களைக் கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் விடக் கூடாது, தனியே சேர்த்து அகற்ற வேண்டும். இரவெல்லாம் எரியும் உலையின் மின்சாரம் வேறு. தண்டுக்கும் காம்புக்கும் சேர்த்தே உருக்க வேண்டியிருப்பதால், நகைக்குத் தேவையானதைவிடக் கூடுதல் தங்கம் ஒவ்வொரு முறையும் உலைக்குள் போய்த் திரும்புகிறது.

வார்ப்பு நகைக்கு ஒரு குறையும் உண்டு. உருகி இறங்கும் பொன்னில் சில சமயம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் தங்கிவிடும். அடித்து இழுத்த கம்பியின் உறுதி அந்த இடத்தில் வராது. ஒடிந்த மோதிரத்துக்காக மீண்டும் ஒரு மெழுகு மரம் நடுவது கட்டுப்படியாகாது. அது கீழ்த்தளத்துக்கு வருகிறது. பத்தர் ஒடிந்த முனைகளைச் சாமணத்தால் சேர்த்துப் பிடித்து, வெங்காரம் தடவி, பொடி வைத்து ஊதுகிறார்.