பழுது பார்த்த வண்டி

சிவகாசியில் அச்சுத்தொழில் புரியும் என் தம்பி மகன் ஒரு பழைய வண்டியை வாங்க விரும்பினான். மேற்கூரையை மடக்கித் திறக்கத்தக்க மகிந்திரா தார், முன்பு மோதுண்டு செப்பனிடப்பட்டது, விலை மலிவு. என் கருத்தைக் கேட்டான். இறைவன் தேரச்சு இற்ற தலம் அச்சிறுபாக்கம் என்பதற்குமேல் வண்டிகளைப்பற்றி மடத்தில் யான் கற்றதென்ன? ஆயினும் சிவஞானசித்தியார் கூறும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றளவையும் மோட்டாருக்கும் பொருந்துமன்றோ எனக் கருதி, விருதுநகரினின்று புறப்பட்டேன். அவனுடைய சிறு மக்கள் இருவரும் அதில் ஏறுவராதலின் வாளாவிருக்க மனம் வரவில்லை.

காண்டலிற் குறையில்லை, புதுச்சாயம் கண்ணைப் பறித்தது. துலக்கிய அன்று செம்பிற் களிம்பும் தோன்றாது.

விற்பவரோ பொய்யறியாதவர். மோதியதைத் தாமே கூறினார். அடிச்சட்டத்துக்கு ஊறில்லையெனப் பட்டறையார் உரைத்ததையும் கூறினார். என் மனம் இசைந்துவிட்டது.

உடன் வந்த மெக்கானிக் முன்சக்கரத்தைக் காட்டினார். ஒருபுறத்து டயர் மட்டும் உள்விளிம்பில் தேய்ந்திருந்தது. புகை கண்டு தீயுணர்தல் சிவகாசியார்க்குப் புதிதோ? தேய்வுக்கு வேறு காரணமும் உண்டாகலாமென்று, வண்டியின் கீழ்ப் புகுந்து அடிச்சட்டத்தை மூலைக்குமூலை குறுக்காக அளந்தார். இரண்டளவும் ஒத்தில. இவ்வகை வண்டியில் உடல் முழுதும் அச்சட்டத்தின் மேலேயே அமர்ந்துள்ளது.

ஆப்தன் மெய்யுரைப்பவனாதலோடு பொருளை அறிந்தவனாகவும் வேண்டும். அவர் உரைத்தது கேட்டது, அறிந்ததன்று. மாணாக்கர்க்குப் பன்முறை கற்பித்த இதனை யான் அன்று மறந்தேன்.

வேண்டாவென்றோம். அவர் முகம் வாடியது எனக்கு இன்னும் வருத்தமே. அளவுகளை அவருக்கும் காட்டினோம். அடுத்து வருவாரிடம் அவற்றை மறையார்.