மலையோரம், எல்லையோரம் – 4: மறையூரின் கல்வீடுகள்

சென்ற வாரம் பரம்பிக்குளத்துக் கன்னிமாரா தேக்கின் அடியில் நின்றிருந்தோம். பாலக்காடு மாவட்டத்துக் காடு அது. ஆனால் பாலக்காட்டுக்காரர்களே வண்டியில் போவதென்றால் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போயாக வேண்டும். மலை போட்ட வழி அப்படி. இந்த வாரம் இடுக்கிப் பக்கத்து எல்லை.

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் பேருந்தில் ஏறினேன். ஒன்பதாறு சோதனைச் சாவடி தாண்டியதும் சின்னாறு. 1984-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டில், கேரளம் என்றதும் மனத்தில் வரும் பச்சையைத் தேடினால் கிடைக்காது. உடைமுள்ளும் கள்ளியும் வெந்த பாறையும்தான். மேற்கே மூணாறு மலைகள் மழையைத் தடுத்துக்கொள்ள, இந்தப் பக்கம் காய்கிறது. இங்கே ஓடும் பாம்பாறும் கேரளத்து ஆறுகள் பலவற்றைப் போல அரபிக்கடலுக்குப் போகாமல், கிழக்கே திரும்பி அமராவதி அணைக்கு வந்துவிடுகிறது.

மறையூர் நெருங்க நெருங்கச் சாலையோரமெங்கும் கம்பிவேலி. உள்ளே சந்தனக்காடு. மரத்துக்கு மரம் எண் எழுதியிருக்கிறார்கள். இரவும் பகலும் காவல் உண்டு. நான் தேடி வந்ததோ வேலிக்கு வெளியே இருந்தது.

கோவில்கடவில் இறங்கி, பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதரைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்துப் பாறைமேட்டில் ஏறினேன். முனியறைகள் அங்கேதான். நான்கு பலகைக்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல். சுண்ணாம்பும் இல்லை, காரையும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட பெருங்கற்காலத்து மனிதர்கள் தங்கள் இறந்தோருக்காக எழுப்பியவை. முனிவர்கள் வாழ்ந்த அறைகள் என்பது ஊர் நம்பிக்கை. ஒன்றினுள் குனிந்து நுழைந்தேன். நிமிர்ந்து நிற்க முடியாது, உட்காரலாம். வெளியே பாறை கொதிக்கிறது, உள்ளே குளிர்ச்சி. பக்கக்கல்லின் விளிம்பைத் தடவினால் உடைத்துச் செதுக்கிய மேடு பள்ளம் கையில் தட்டுகிறது. மூடுகல் சிறிதும் ஆடவில்லை. இத்தனை எடையை இந்தச் சரிவில் எப்படித்தான் ஏற்றினார்களோ!

ஆனால் அடுத்தடுத்துப் பார்த்தவற்றில் மனம் கனத்துப்போனது. ஒன்றில் மூடுகல் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. இன்னொன்றில் பக்கக்கற்கள் மட்டும் மிச்சம். உட்புறச் சுவரில் பெயிண்டால் பெயர்கள். ஒரு மூலையில் உடைந்த பாட்டில். வெட்டிய சந்தன மரம் இருந்த இடத்தில் இன்னொரு கன்று முளைக்கக்கூடும். பிளந்த மூடுகல்லை யார் மறுபடி செய்ய முடியும்? மரத்துக்கு எண் போட்டுக் காவல் வைத்த ஊரில், இந்தக் கல்வீடுகளுக்கும் ஆளுக்கொரு எண்ணும் பகலில் ஒரு காவலாளும் வேண்டும். பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கட்டும். நான் மகிழ்ச்சியாகக் கொடுப்பேன்.

மேட்டிலிருந்து பார்த்தால் கீழே கரும்புக்காடு, நடுவே வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளின் புகை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம். இறங்கிப் போனேன். கரும்புச் சக்கையையே அடுப்பில் தள்ளி எரிக்கிறார்கள். பாகு பதம் வந்ததும் மரத்தொட்டியில் கொட்டி, சூடு ஆறுவதற்குள் கையாலேயே உருட்டுகிறார்கள். அங்கிருந்த பெரியவரிடம் மேட்டுக் கற்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன்.

"எங்க தாத்தா காலத்துல வரப்பு கட்டக்கூட அந்தக் கல்லை எடுத்திருக்காங்க சார். அப்ப யாருக்குத் தெரியும்? இப்ப எங்க பேரன் அதுல ஏறி ஆடினா நானே வைவேன்."

சுடச்சுட ஓர் உருண்டையைக் கையில் கொடுத்தார். "வாயில போட்டுப் பாருங்க. உப்புக் கரிச்சா அது வெளியூர்ச் சரக்கு."

கரிக்கவில்லை. இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு காந்தளூர் ஜீப்பில் ஏறினேன்.

(பயணம் தொடரும்)