நகர்ந்துபோன வீடு



நம்ம ஓட்டுக் கட்டடத்தை இடிச்சிட்டு ஆய்வகம் கட்டப் போறாங்கன்னதும் நான்தான் முதல்ல கைதட்டினேன். "நான் ஆறாம் வகுப்பு படிச்சதே அங்கதாண்டா"ன்னு தாத்தா சொன்னதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அப்போதுதான் பிட்டோ வீட்டைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில், நியூ ஆர்லியன்ஸ் நகரின் செயின்ட் ஜான் ஓடைக்கரையில் 1799 வாக்கில் கட்டிய தோட்ட வீடு அது. அகலமான தாழ்வாரம், சரிவான கூரை. 1810-இல் அதை வாங்கியவர் ஜேம்ஸ் பிட்டோ. பிரான்சில் பிறந்த வணிகர். அந்நகர மேயராகவும் இருந்தவர். அங்கே அடிமைகளாக உழைத்தவர்களின் கதையும் அந்த வீட்டோடுதான் சேர்ந்திருக்கு.

1960-களில் அங்கேயும் பள்ளிக்கூடம் கட்ட இடம் தேவைப்பட்டது. ஆனால் வீட்டை இடிக்கவில்லை! லூசியானா லேண்ட்மார்க்ஸ் சொசைட்டி என்ற அமைப்பு 1964-இல் அதைப் பெற்று, சுமார் 200 அடி தள்ளி நகர்த்தி வைத்துப் பழுதுபார்த்தது. இப்போது அது அருங்காட்சியகம். பள்ளியும் வந்தது, வீடும் பிழைத்தது.

நம்ம கட்டடத்தை நகர்த்த முடியாது. எனக்கும் ஆய்வகம் வேணும். ஆனா இடிக்கிறதுக்கு முன்னாடி அதை அளந்து, படம் வரைஞ்சு, அங்கே படிச்ச தாத்தா பாட்டிகளைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கலாமே? முதல் பக்கம் எங்க தாத்தா கதை, எழுதிட்டேன். அடுத்த பக்கம் யாரு?

– 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு