கழிவுப் பொருளும் கூட்டுக் கைவேலையும்: பக்குரங்காவை முன்வைத்து

நிறுவல் கலை என்பது சுவரில் மாட்டும் ஓவியம்போல் ஒதுங்கி நில்லாமல், பார்ப்பவர் உள்ளே நடந்து செல்லும்படி ஓர் இடத்தையே நிரப்பி நிற்கும் படைப்பு. அதைக் குப்பையிலிருந்து ஊரார் கூடிச் செய்யும்போது, கலைஞரின் கற்பனைக்கு முன்பாகவே கழுவுவோர், வெட்டுவோர், கட்டுவோர் ஆகியோரின் உழைப்பு தொடங்கிவிடுகிறது. விமர்சனங்கள் பெரும்பாலும் இவ்வுழைப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரின் கிழக்கே டமாக்கி கழிமுகத்தை ஒட்டிய பக்குரங்கா, இத்தகைய வேலைக்கு ஏற்ற ஊர். உள்ளூர்க் கலை ஆர்வலர்களின் முயற்சியில் வேரூன்றி, 1984இல் ஃபிஷர் காட்சிக்கூடமாகத் திறக்கப்பட்டு, பின்னர் டே டூஹி எனப் பெயர் மாறிய சமகாலக் கலைமையம் இங்குள்ளது. வெளிநாட்டுக் கலைஞர்களின் கண்காட்சியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ஓவிய வகுப்பும் அங்கே ஒரே கூரையின்கீழ் நடக்கின்றன.

இக்கைவேலையில் அதிகம் புழங்கும் பொருள் குளிர்பான பாட்டில். அது ‘பெட்’ என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. ஏறத்தாழ 70 டிகிரி செல்சியசுக்கு மேல் அது இளகி நெளியத் தொடங்குவதால், லேபிளின் பசையைப் போக்கக் கொதிநீரைத் தவிர்த்து வெதுவெதுப்பான நீரையே பயன்படுத்த வேண்டும். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகப் பாட்டிலின் அடியில் ஐந்து புடைப்புகள் வைக்கப்படுகின்றன. அந்த அடிப்பாகத்தை மட்டும் வெட்டியெடுத்தால், எந்த வேலைப்பாடும் இன்றி ஐந்திதழ்ப் பூ ஒன்று கையில் நிற்கும். பக்கச்சுவரைச் சுருள்சுருளாக அறுத்துக்கொண்டே போனால் நீண்ட ஒற்றை நாடா கிடைக்கும். எட்டு வயதுக் குழந்தையும் எழுபது வயது மூதாட்டியும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யத்தக்க இத்தகைய சிறு கூறுகள் இல்லையென்றால் கூட்டுக்கலை என்பது வெறும் பெயரளவில்தான் இருக்கும்.

நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி இனத்துக் கலைஞர் ஜார்ஜ் நூக்கு ‘பாட்டில்ட் ஓஷன்’ என்னும் வரிசையில் இதே பாட்டில்களைக் கடலுயிர்களாக மாற்றிக் கூரையிலிருந்து தொங்கவிடுகிறார். பல ஊர்களில் மாணவர்களும் தன்னார்வலர்களும் அவருடன் அமர்ந்து வெட்டிக் கோத்திருக்கின்றனர். பிளாஸ்டிக்கின் மூலமான பெட்ரோலியம் தொன்மையான உயிர்களிலிருந்து பிறந்தது என்பதால், அதனையும் மாவோரியர் பேணும் வம்சாவளிக் கணக்கில் ஓர் உறவாகச் சேர்க்கலாம் என்பது அவர் நோக்கு. பிளாஸ்டிக்கை எதிரியாக்கிப் பேசும் வழக்கமான சுவரொட்டிக் கலையைவிட இது ஆழமானது. சமோவா மரபுவழி வந்த மிஷெல் டஃபரி 1994இல், தட்டையாக்கிய மாட்டிறைச்சி டப்பாக்களை ரிவெட் ஆணியடித்து இணைத்துக் காளை ஒன்றைச் செய்தார். பசிபிக் தீவுகளின் மீன் உணவை இறக்குமதி டப்பா ஓரங்கட்டியதை, விளக்கவுரை தேவைப்படாமல் அந்தத் தகரமே சொல்லிவிடுகிறது.

செய்தபின் பேணுவதும் உழைப்பே என்பதற்குச் சண்டிகரின் பாறைத் தோட்டம் சான்று. சாலை ஆய்வாளரான நேக் சந்த் உடைந்த வளையலையும் பீங்கானையும் சிமெண்டில் பதித்து மறைவாக உருவாக்கிய அத்தோட்டம், 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன்பின் அவருக்கு அரசுச் சம்பளமும் துணைக்கு 50 தொழிலாளரும் கிடைத்தனர். 1996இல் அவர் வெளிநாடு சென்றிருந்தபோது பணியாளர்கள் விலக்கிக்கொள்ளப்பட்டதும், சிலைகள் விஷமிகளால் சேதப்படுத்தப்பட்டன.

நியூசிலாந்தில் இதற்கு நேர்மாறாக, கண்காட்சி முடிந்த படைப்பை எப்படிக் கலைப்பது என்னும் சிக்கலும் உண்டு. நாடு முழுமைக்கும் பொதுவாக 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வீட்டு வாசலில் 1, 2, 5 எனக் குறியிட்ட பிளாஸ்டிக் கலன்கள் மறுசுழற்சிக்கு ஏற்கப்படுகின்றன, மூடிகள் ஏற்கப்படுவதில்லை. ஆகவே மூடியைக் கலைக்கு எடுப்பது குப்பைமேட்டுக்குப் போவதைக் குறைக்கும் என்பது சரியே. பாட்டிலோ எப்படியும் மறுசுழற்சிக்குச் சென்றிருக்கக்கூடியது, அதன்மேல் சாயமும் சூட்டுப்பசையும் ஏற்றிவிட்டால் கண்காட்சி முடிந்தபின் அந்த வழியும் அடைபடும். பசைக்குப் பதிலாகக் கயிற்றாலும் கம்பியாலும் கட்டினால், ஒரே மாலையில் அவிழ்த்துப் பிரித்து, பாட்டிலை மீண்டும் மறுசுழற்சித் தொட்டியில் சேர்த்துவிடலாம்.