முந்திக்கொண்ட பதில்

எங்க லேப்பில் 30 கம்ப்யூட்டருக்கும் ஐபி முகவரியைக் கையால்தான் அடித்தோம். ஒரே எண்ணை இரண்டு மெஷினுக்குக் கொடுத்துவிட்டு அரைநாள் தேடியவன் அடியேன்.

"டிஎச்சிபி சர்வர் போட்டுட்டா தொல்லை விட்டுதுடா" என்றார் லேப் அண்ணன். லினக்ஸில் போட்டேன். விழித்த மெஷின் "யாராவது முகவரி தருவீங்களா?" என்று கூவும், சர்வர் "இந்தா" என்னும், "அதையே கொடுங்க" என்னும் மெஷின், சர்வர் உறுதி சொல்லும். நாலே பேச்சு! (கல்யாணத் தரகர்கூட இவ்வளவு சீக்கிரம் முடிக்க மாட்டார்.) ஃபைல் சர்வருக்கு மட்டும் நெட்வொர்க் கார்டின் மேக் எண்ணை எழுதி, முகவரி மாறாதபடி கட்டிவைத்தேன்.

ஒன்றை மறந்தேன். லேப் சுவிட்சிலிருந்து ஆபீசுக்கு ஒரு கேபிள் போகிறது. அங்கே ஏற்கெனவே ஒரு சர்வர் உண்டு. கூவும் மெஷின் பெரும்பாலும் முதலில் வந்த பதிலைத்தான் பிடித்துக்கொள்ளும். மறுநாள் என்னுடையது முந்திக்கொண்டது. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள். கவுன்டரில் நீள வரிசை. ஒரு மெஷினும் வேலை செய்யலை.

ஓடிப்போய்க் கேபிளைப் பிடுங்கினேன். அப்பவும் சரியாகலை! வாங்கிய முகவரி, குத்தகைக் காலம் இருக்கும்வரை ஒட்டிக்கொண்டிருக்குமே. ஒவ்வொரு மெஷினாக விடுவித்து, மறுபடி வாங்கவைத்தோம்.

"நான்தான் சார்" என்று துறைத்தலைவரிடம் போய் நின்றபோது மணி பன்னிரண்டு. வரிசை அப்போதுதான் நகர ஆரம்பித்திருந்தது.